வாசல் தொட்டியில் இருபது பெண்கள்

"மீனுக்கு எதுக்குய்யா துப்பறியணும்?" என்று நெல்லையப்பன் மறுபடியும் கேட்டார். யாரைக் கேட்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அவருக்குக் காலையிலேயே எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. கொலைக் கேஸ் இல்லை, கொள்ளைக் கேஸ் இல்லை, வீட்டை விட்டு ஓடிப்போன மாப்பிள்ளைக் கேஸ்கூட இல்லை. மீன் கேஸ். அதுவும் பொரிக்கவும் ஆகாத, குழம்புக்கும் ஆகாத, சுண்டுவிரல் நீள மீன். மலையாளச் சீமையில், தம்பானூரில் லாட்ஜ் மாடியில் அவருடைய துப்பறியும் ஆபீஸ். கீழே பஸ் ஸ்டாண்ட் ஒலிபெருக்கி நாகர்கோவில் வண்டியைக் கூவிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கூச்சல். மனுஷன் எப்படி யோசிப்பான்?

எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஸ்ரீலட்சுமி. சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் நாஞ்சில் நாட்டுக் குடும்பம். மலைநீர் உயிரின ஆய்வு மையத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். அழுது முடித்துவிட்ட முகம். அன்று சாயந்தரம் நாலு மணிக்கு விசாரணைக் குழுவின் முன்னால் போய் நிற்க வேண்டும். இல்லாத முடிவை இட்டுக்கட்டி எழுதினாள் என்று அவர்கள் தீர்மானித்துவிட்டால் பட்டமும் போயிற்று, பெயரும் போயிற்று. அப்புறம் எந்த ஆய்வுக்கூடமும் அவளை வாசல் படி ஏற்றாது.

மூன்று நாளாக நெல்லையப்பன் இதில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். பிடித்து இழுக்க ஒரு நூல் கிடைக்கவில்லை.

"மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லும்மா," என்றார். "சின்னப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லு."

"தைரியமா சொல்லு ஸ்ரீ. சார் அந்த வகுப்புலதான் இருக்கார்," என்றாள் சுப்ரியா.

சுப்ரியா அவருடைய உதவியாளர். கரமனை அக்ரஹாரத்துப் பெண். சம்பளம் கொஞ்சம், வாய் ரொம்ப. இரண்டையும் சரிசெய்ய வேண்டும் என்று நெல்லையப்பன் பல மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஸ்ரீலட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆரம்பித்தாள். "கல்லாற்றுல பொன்வாலின்னு ஒரு மீன் உண்டு சார். மேல பொன்முடிப் பக்கத்துலேர்ந்து இறங்குற ஓடையில மேல்மடுன்னு ஒரு இடம். முன்ன அங்க குவியல் குவியலா கிடந்த மீன், இப்ப விரல் விட்டு எண்ணிடலாம். யாரும் பிடிச்சு விக்கலை. தண்ணியில மருந்தும் கலக்கலை. பின்ன ஏன் அழியுதுன்னு பாக்கத்தான் அதோட ஜீனோமைப் படிச்சேன். ஒவ்வொரு மீனோட உடம்புலயும் பரம்பரை எழுத்து இருக்கும் இல்லையா, அது மொத்தமும். படிச்சா, மேல்மடு மீன் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கூடப்பிறந்தது மாதிரி இருக்கு. கீழே ஒரு பழைய எஸ்டேட் தடுப்பணை சார். அதைத் தாண்டிக் கீழ் மீன் மேல ஏற முடியாது. எத்தனையோ தலைமுறையா அதுக்குள்ளேயே கூடி, இப்ப முட்டை போட்டாலும் பொரியறதில்லை."

"புரியறதா சார்?" என்றாள் சுப்ரியா. "மடு முழுக்க ஒரே கோத்திரம். வெளியிலேர்ந்து வரன் வரணும்னா வழியில அணை நிக்கறது. சந்ததி எப்படி விளங்கும்?"

"இதை முதல் நாளே இப்படிச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று நெல்லையப்பன் மேஜையைத் தட்டினார். புரிந்துவிட்ட சந்தோஷத்தைவிட, மூன்று நாள் புரியாமல் தலையாட்டிய எரிச்சல்தான் அவருக்கு அதிகமாக இருந்தது.

மீதிக் கதையும் வந்தது. அணைக்குக் கீழே இருக்கும் பெண் மீன்களைக் கொண்டுபோய் மேல்மடுவில் விட அனுமதி கேட்டாள் ஸ்ரீலட்சுமி. சுத்தமான இனத்தைக் கலக்காதே என்று இதே குழு மூன்று தடவை மறுத்துவிட்டது. பிறகு அவள் கண்டுபிடிப்பின் மேலேயே சந்தேகம் வந்தது. வெளியூர் ஆட்களைக் கல்லாற்று ஆய்வு நிலையத்துக்கு அனுப்பினார்கள். அன்று அவள் அங்கே இருக்கக் கூடாது என்று உத்தரவு. வந்தவர்கள் மேல்மடு மீன் இருபதிலிருந்து செதில் துணுக்கு வெட்டி எடுத்து, வேறொரு கூடத்தில் படிக்கக் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து முடிவு வந்தது. இருபதும் ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை, உறவுமில்லை. அப்படியானால் இவள் சொன்னது பொய். முடிவு வந்த அன்றே நிலையத்தில் இவள் கால் வைக்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள்.

"அந்த இருபதும் மேல்மடு மீன்தானா?"

"நானே வலை போட்டுப் பிடிச்சு வாசல் தொட்டியில விட்டது சார். வாசல் தொட்டியிலேர்ந்துதான் அவங்களும் எடுத்திருக்காங்க."

"சரி. சொந்தபந்தம் ஒத்துப்போகலை. வேற என்ன வித்தியாசம்? நிறம், நீளம், ஆணு, பொண்ணு, ஏதாவது?" கேட்க வேண்டுமே என்று கேட்டார் நெல்லையப்பன். மனசு காப்பியில் இருந்தது.

ஸ்ரீலட்சுமி நிமிர்ந்தாள். "ஆணா பெண்ணான்னு... அது யாரும் பாக்கலை சார். உறவுமுறையை மட்டும்தான் பாத்தோம்."

"எழுத்துல அது தெரியுமா?"

"தெரியும்." அவள் மடிக்கணினியைத் திறந்து தட்டத் தொடங்கினாள். கீழே நாகர்கோவில் வண்டி போய் நெய்யாற்றின்கரை வண்டி வந்தது. ஸ்ரீலட்சுமியின் வாய் மெல்லத் திறந்தது. "இருபதும் பெண் சார்."

"ஒரு ஆம்பளைகூட இல்லையா?" என்றாள் சுப்ரியா. "தொட்டியா, லேடீஸ் ஹாஸ்டலா?"

நெல்லையப்பன் எழுந்தேவிட்டார். "வலை போட்டா ஆணும் பொண்ணும் கலந்துல்லா விழும்! பொண்ணா பாத்துப் பொறுக்கி எவன் எடுப்பான்?"

"பின் தொட்டி!" என்று கத்தினாள் ஸ்ரீலட்சுமி. "அனுமதி கிடைச்சா உடனே கொண்டுபோகலாம்னு போன மழைக்காலத்துல அணைக்குக் கீழேர்ந்து பெண் மீனா பிடிச்சு உள்பக்கத் தொட்டியில வச்சிருந்தேன். அதுவும் இருபதுதான். ஆனா அது எப்படி வாசலுக்கு வரும்? யாராவது மாத்தினாத்தான்..."

"சாவி யாருகிட்ட?"

"காவலுக்கு இருக்கிற சுடலைக்கண்ணு அண்ணன்கிட்ட. இன்னொண்ணு என் கைடு சுதீஷ் சார்கிட்ட."

"கைடு! நான் அப்பவே நினைச்சேன்," என்றார் நெல்லையப்பன். அவர் அப்படி நினைக்கவே இல்லை. சுதீஷ் என்று ஒருவர் இருப்பதே அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

* * *

சுப்ரியாவின் அண்ணனுடைய பழைய காரில் கிளம்பினார்கள். ஸ்ரீலட்சுமி விசாரணை நடக்கும் இடத்துக்குப் போய்க் காத்திருப்பதாக ஏற்பாடு. நெடுமங்காட்டில் சந்தை நெரிசல். விதுரை தாண்டியதும் மழை. மழையில் நனைந்து போட்டோ எடுத்துக்கொள்ள நடுரோட்டில் பைக்கை நிறுத்தியிருந்த பயல்கள் வேறு. நெல்லையப்பன் ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகத் திட்டு வைத்திருந்தார்.

"சார், ஹாரன் அடிச்சாப் போதும். நீங்க கத்தறது கண்ணாடியைத் தாண்டறதில்லை," என்றாள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சுப்ரியா.

"நாலு மணிக்குள்ள ஒண்ணும் கிடைக்கலைன்னா அந்தப் பிள்ளை கதி என்ன? நீ பகடி பேசிக்கிட்டு வா."

கல்லாற்றில் கடைகளில் உப்பிலிட்ட நெல்லிக்காய் ஜாடி ஜாடியாக இருந்தது. சுப்ரியா வேகத்தைக் குறைத்தாள். நெல்லையப்பன் பார்த்த பார்வையில் மறுபடி கூட்டினாள்.

ஆய்வு நிலையம் என்பது ஆற்றோரம் ஒரு ஓட்டுக் கட்டடமும் கம்பிக் கேட்டும்தான். கேட்டுக்குப் பின்னால் தோளில் துண்டோடு நாற்பது வயசு ஆள் ஒருவர் நின்றார். சுடலைக்கண்ணு.

"உள்ள விட உத்தரவு இல்லைங்கய்யா."

அந்தப் பேச்சைக் கேட்டதும் நெல்லையப்பனின் காது நிமிர்ந்தது. "ஊரு அம்பாசமுத்திரம் பக்கமா?"

"கல்லிடைக்குறிச்சிங்கய்யா. மச்சான் மேல எஸ்டேட்டுல இருக்காரு. அவரு சொல்லித்தான் போன வருஷம் வேலைக்கு வந்தேன்."

"நான் சேரன்மாதேவில்லா!"

கேட் திறந்துவிட்டது.

"ஜீனோம் படிக்காமலே உறவைக் கண்டுபிடிச்சுட்டேள்," என்று சுப்ரியா காதோரம் முணுமுணுத்தாள்.

உள்ளே இரண்டு நீலத் தொட்டிகள், அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி. வாசல் தொட்டி காலி. பின் தொட்டியில் மீன்கள் ஓடிக்கொண்டிருந்தன. நெல்லையப்பன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மீன் மீனாத்தான் இருக்கு," என்றார் வெறுப்போடு. இதற்கா இவ்வளவு தூரம்?

"சில மீனுக்கு வாலு தங்கமா மின்னறது சார். பாதிக்குப் பாதி இருக்கும்போல." சுப்ரியா படம் எடுத்து அனுப்பினாள். அனுப்பி முடிக்கவில்லை, போன் அடித்தது. ஸ்ரீலட்சுமியின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது.

"வாலு தங்கமா இருந்தா அது ஆண்! மழைக்காலம் வந்தாத்தான் ஆணுக்கு நிறம் ஏறும், மத்த நாள்ல ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். பெண் தொட்டியில ஆண் எப்படி வரும்? அது என் மேல்மடு மீன் சார்! அதைப் பின்னால வச்சுட்டு, கீழ் மீனை வாசலுக்குக் கொண்டுவந்திருக்காங்க!"

நெல்லையப்பன் மீசையைத் தடவிக்கொண்டு காவல்காரர் பக்கம் மெல்லத் திரும்பினார். இந்தத் திரும்பலை அவர் நன்றாகச் செய்வார். "சுடலைக்கண்ணு, தொட்டியை யாரு மாத்தினா?"

"நான்தான்யா," என்றார் சுடலைக்கண்ணு, டீ போட்டது நான்தான் என்று சொல்வதுபோல.

மிரட்டுவதற்காக மூச்சை இழுத்து வைத்திருந்த நெல்லையப்பனுக்கு அதை எங்கே விடுவது என்று தெரியவில்லை.

"சுதீஷ் சார் சொன்னாரு, செஞ்சேன். நமக்கு என்னய்யா? ஆளுக வாரதுக்கு முந்தின நாள் வாட்ஸ்அப்புல பேசி அனுப்பியிருந்தாரு. இன்னும் கிடக்கும்." அவர் போனைத் தேடி எடுத்து அழுத்தினார். இழுத்து இழுத்துப் பேசும் ஒரு மலையாளக் குரல் வந்தது.

"சுடலே... நாளெ ஆளு வரும். ஆ தள்ளயெ எல்லாம் மாற்றி வய்க்கணே."

"தள்ளி! மாத்தி! வை!" நெல்லையப்பன் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தட்டாகத் தொட்டி விளிம்பில் தட்டினார். மீன்கள் சிதறின. "தன் வாயாலேயே சொல்லியிருக்கான் பாரு! படிச்ச கள்ளன்!"

ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. சுதீஷின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டார். தமிழ்ச் சொல்லின் முடிவில் ஆங்காங்கே ஒரு 'ஆணு' சேர்த்துவிட்டால் அது மலையாளம் என்பது அவருடைய கொள்கை.

"நீங்கள்தன்னெ ஆணு கள்ளன்! எல்லாம் எனக்கு அறியும்! ஒரு பாவப்பட்ட பிள்ளையோட வாழ்க்கை ஆணு நீங்கள் கெடுத்தது!"

"ஹலோ? ஆராணு?" என்றது மறுமுனை. "சேட்டனு எந்து பற்றி?" அண்ணனுக்கு என்ன ஆச்சு என்று நிஜமாகவே கவலைப்பட்ட குரல்.

நெல்லையப்பன் போனை வைத்துவிட்டார். கையோடு ஸ்ரீலட்சுமியைக் கூப்பிட்டுக் குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்றார். பேரைக் கேட்டதும் அவள் குரல் உள்ளே போய்விட்டது.

"சுதீஷ் சாரா? அவருதான் சார் என்னை இதுக்குள்ள கொண்டுவந்ததே. யாரும் சீட்டுத் தராதப்போ அவர் தந்தார். அவர் ஏன்..."

"அதெல்லாம் இருக்கட்டும்மா. நாலு மணிக்கு அவன் பேரைச் சொல்லு, போதும்."

பின்னால் ஏதோ சத்தம். சுப்ரியா கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். சுடலைக்கண்ணுவின் போனைக் காதில் வைத்து அந்தப் பேச்சை மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தார். இல்லை, சிரிப்பை அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இப்ப?"

"சார்... அவசரப்பட்டுக் கூப்பிட்டுட்டேளே சார். தள்ளன்னா இவா பாஷையில அம்மா."

"என்னது?"

"தாய், சார். தள்ள மீன்னா தாய் மீன். மாத்தி வைக்கறதுன்னா இங்க இடம் மாத்தறது இல்லை, தனியா எடுத்து வைக்கறது. நாளைக்கு ஆள் வருவா, அந்தத் தாய் மீனையெல்லாம் தனியா எடுத்து வை, கலந்துடப் போறதுன்னு பாவம் அந்த மனுஷர் ஜாக்கிரதையா சொல்லியிருக்கார்."

நெல்லையப்பன் அப்படியே நின்றார். முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

"இருபத்தஞ்சு வருஷமா இந்த ஊர்ல குப்பை கொட்டுதேன்," என்றார் கடைசியில்.

"பஸ் ஸ்டாண்ட்ல சண்டை வந்தா முதல்ல விழற வார்த்தையே அதுதான் சார். உங்களையே ரெண்டு தடவை சொல்லியிருக்கா. நீங்க ஏதோ தள்ளி நிக்கச் சொல்றான்னு தள்ளி நின்னேள்."

"தொட்டியைத் தள்ளி மாத்தி வைக்கச் சொல்லுதாருன்னுல்லா நான் நினைச்சேன்!" என்றார் சுடலைக்கண்ணு. அவர் முகமும் பேயறைந்து போயிருந்தது. "வேலைக்கு வந்த புதுசுய்யா. பின்னால கிடந்ததை முன்னால தள்ளி, முன்னால கிடந்ததைப் பின்னால தள்ளி... கனம் தாங்கலை. மச்சானைக் கூப்பிட்டு வந்து ரெண்டு பேருமா தள்ளினோம்."

"ஒரு கள்ளன்கூட இல்லையா?" என்றார் நெல்லையப்பன். "மூணு நாள் மண்டையை உடைச்சிருக்கேன். ஒரு அயோக்கியன்கூட இல்லாம இது என்ன கேஸு?"

சுதீஷிடம் மன்னிப்புக் கேட்கும் வேலை சுப்ரியாவுக்கு. அவள் மலையாளத்தில் பேசிச் சமாதானம் செய்து, சிரித்து, வைத்தாள். "அவரும் விசாரணைக்குத்தான் போயிண்டிருக்கார். குரல் தன்னோடதுதான், சொன்னதும் அதுதான்னு அங்க வந்து சொல்றாராம். தங்கமான மனுஷர். உங்களை டாக்டர்கிட்டக் காட்டச் சொன்னார்."

ஸ்ரீலட்சுமியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் அவள் அழுதாள். சுதீஷ் சார் இல்லை என்பதற்கே பாதி அழுகை. "அவங்க அறிக்கை எனக்கு எதிரா இல்லவே இல்லை சார்! அணைக்குக் கீழே இருக்கிற மீன் ஒட்டுறவில்லாம நல்லா இருக்குன்னு அவங்களே படிச்சுக் கொடுத்திருக்காங்க. மேல இருக்கிறது ஒரே ரத்தம்னு நான் படிச்சிருக்கேன். நடுவுல இருக்கிறது அணைதான். ரெண்டையும் சேர்த்து வச்சா அது என் ஆராய்ச்சி சார்!"

நெல்லையப்பனுக்குக் காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அது முகத்தில் பரவுவதற்குள் அவள் அழுகை சட்டென்று நின்றது.

"சார், வாசல் தொட்டி மீனை வெட்டி எடுத்தப்புறம் எங்க விட்டாங்க?"

சுடலைக்கண்ணு போனுக்குக் குனிந்தார். "மேல்மடுவுலதான்மா. வாசல் தொட்டி மீனைத் திரும்ப மடுவுல விடணும்னு நீங்கதானே சொல்லியிருந்திய. குடத்துல கொண்டுபோய் விட்டுட்டேன்."

பிறகு ஸ்ரீலட்சுமி மெல்லச் சொன்னாள். "சார், இதை அங்க சொல்லாதீங்க."

"எதை?"

"எதையும். கீழ் மீனை மேல விடக்கூடாதுன்னு மூணு தடவை சொன்ன குழு சார் இது. விட்டாச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கே வலை போட்டு மடுவை அரிச்சு எடுத்துடுவாங்க. வலைக்கு எது கீழ் மீன், எது மேல் மீன்னு தெரியுமா? மிச்சம் கிடக்கிற பத்துப் பதினஞ்சும் அதுல போயிடும்."

"அப்ப உன் பட்டம்? உன் பேரு?"

"பட்டம் கிடக்கட்டும் சார்," என்றாள் அவள்.

"என்ன பிள்ளை நீ!" நெல்லையப்பனுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "இல்லாத விடையைத் தேடி அலைஞ்சேன். இப்ப விடை கையில இருக்கு, அதை வாய்க்குள்ள போட்டு முழுங்கச் சொல்லுதியா? அப்ப என்ன மயித்துக்கு என்னைக் கூப்பிட்ட?"

போன் அணைந்தது. சிக்னல் போயிற்றா, அவளே வைத்துவிட்டாளா, தெரியவில்லை. வாளியிலிருந்து எழுந்த சுப்ரியா இப்போது சிரிக்கவில்லை.

"அந்த மடுவை ஒரு தடவை பாத்துட்டு வரலாமே சார்," என்றாள்.

* * *

சுடலைக்கண்ணு முன்னால் வழிகாட்ட, மேலே ஏறும் வழி முழுக்கச் சகதி. இரண்டு தடவை வழுக்கினார் நெல்லையப்பன். கணுக்காலில் ஒரு அட்டை, முழங்காலுக்கு மேலே ஒரு அட்டை. "சாருக்கு ரத்தக்கொதிப்பு. பாவம் அந்த அட்டை," என்றாள் சுப்ரியா. அவர் ஏசவில்லை. ஏசுவதற்கு மூச்சு இல்லை.

தடுப்பணைக்கு மேலே, இரண்டு பாறைகளுக்கு நடுவில் மேல்மடு. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு எருமை இறங்கினால் நிரம்பிவிடும். இதற்காகவா ஒரு பெண் பட்டத்தை விடுகிறாள்? நெல்லையப்பன் கல்லில் உட்கார்ந்து, வெறுத்துப்போய்த் தண்ணீரைப் பார்த்தார். கரையோரம் தண்ணீர் கலங்கியிருந்தது. காலை அசைத்தார். கலங்கல் விலகி ஓடியது.

கலங்கல் எங்கேயாவது ஓடுமா?

"ஏ சுப்ரியா, இங்கன வா. இது என்னன்னு பாரு."

அவள் மண்டியிட்டாள். கண்ணை விரித்தாள். "குஞ்சு சார்! அத்தனையும் குஞ்சு! ஐயோ, அந்தப் பக்கமும் பாருங்கோ!"

ஓரமெல்லாம், கல்லிடுக்கெல்லாம், நூல் கிள்ளிப் போட்டதுபோல மீன் குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன. சுடலைக்கண்ணு வாயில் துண்டை வைத்துக்கொண்டார். பாறை மேல் ஏறினால் சிக்னல் கிடைத்தது. சுப்ரியா வீடியோ எடுத்து அனுப்பினாள். ஸ்ரீலட்சுமி உடனே கூப்பிட்டாள்.

"குஞ்சா?" என்றாள். "குஞ்சா சார்? நல்லாப் பாத்தீங்களா? நாலு வருஷத்துல அந்த மடுவுல நான் ஒரு குஞ்சுகூடப் பாத்ததில்லை."

"ஒண்ணா, ரெண்டா? காலை வைக்க இடமில்லை. ஏம்மா, இதை வலை போட்டு அரிக்க முடியுமா?"

"முடியாது சார்." அவள் சிரித்தாள். அவள் சிரித்து அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. "எந்த வலையிலயும் நிக்காது. இனிமே யாராலயும் பிரிக்க முடியாது. ஒவ்வொண்ணுலயும் பாதி மேல் ரத்தம், பாதி கீழ் ரத்தம். இனி எல்லாத்தையும் சொல்லிடலாம் சார். என்னைக் கூப்பிடுறாங்க. நான் உள்ள போறேன். போனை வைக்காதீங்க, உங்களைச் சாட்சி கேப்பாங்க."

பாறை மேல் மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குழுவின் தலைவர் பஞ்சாபகேசன் என்று ஒரு பெரியவர், தஞ்சாவூர்க்காரர். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் பேசினார். நெல்லையப்பன் இருபது பெண்களைச் சொன்னார், தங்க வால்களைச் சொன்னார், மடுவில் நெளியும் குஞ்சுகளையும் சொன்னார். சுதீஷ் எழுந்து தன் குரலைத் தன் குரல் என்றார். தள்ள என்ற இடம் வந்ததும் அறையில் யாரோ சிரித்து, இருமி மறைத்தது கேட்டது.

"நல்லது," என்றார் பஞ்சாபகேசன். "இட்டுக்கட்டி எழுதினாங்கற குற்றச்சாட்டு இதோட தீர்ந்தது. ஸ்ரீலட்சுமி படிச்சது சரிதான்."

நெல்லையப்பன் முஷ்டியை ஆகாசத்தில் குத்தினார்.

"ஆனா இன்னொண்ணு இருக்கு. கீழ் மீன் மேல்மடுவுக்குப் போயிருக்கு. இந்தக் குழு கூடவே கூடாதுன்னு எழுதிக் கொடுத்த காரியம். இதுக்கு யார் பொறுப்பு? அந்தக் காவல்காரனா?"

சுடலைக்கண்ணு எழுந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். போன் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. நெல்லையப்பன் அவசரமாக வாயைத் திறந்தார், அது பாஷைக் கோளாறு, அந்த ஆள்மேல் தப்பில்லை என்று சொல்ல. அதற்குள் அங்கே ஸ்ரீலட்சுமியின் குரல் கேட்டது.

"நான்தான் சார் பொறுப்பு."

"நீ அன்னிக்கு அங்க இல்லையே அம்மா."

"நிலையம் என் பேர்ல இருந்தது சார். தொட்டி என்னோடது. கீழ் மீனைப் பிடிச்சு அங்க வச்சது நான். அனுமதி கேட்டதும் நான்தான், தராதது நீங்க. அந்த அண்ணன் சம்பளத்துக்கு வந்தவர். அவர் பேரு வேண்டாம், என் பேரை எழுதிக்கோங்க."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பஞ்சாபகேசன் தொண்டையைச் செருமினார். "எழுதினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமோ? பட்டம் கிடைக்கும், அதைத் தடுக்க மாட்டோம். ஆனா காட்டு அனுமதி ரத்தாகும். அந்த ஓடைக்கரையில நீ மறுபடி காலை வைக்க முடியாது. அந்த மீனை நீ இனிமே பாக்கவே முடியாது."

"மீன் இருக்கும்ல சார்?" என்றாள் ஸ்ரீலட்சுமி. "அப்ப எழுதிக்கோங்க."

சுடலைக்கண்ணு பாறையில் உட்கார்ந்துவிட்டார். "நான் தள்ளினதுக்கு அந்தப் பிள்ளை ஏன்யா?" என்றார். சுப்ரியா நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு பழியிலேர்ந்து இறக்கிவிட நான் இந்தப் பாடு படுதேன்!" நெல்லையப்பன் பாறை அதிரக் கத்தினார். "இறங்கின கையோட இன்னொண்ணுல ஏறி உக்காந்துட்டாளே! என்ன பிள்ளை இது! போனைக் குடு. நான் ஏசணும்."

"யாரை சார்?"

"தெரியலை," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "யாரையாவது."